றுகையா கொடுத்த வீடு

சாய்ந்தமருதுக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள் றுகையா. கிழக்கே கடல், மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த ஊர் அது. கரைவலை ஏறியதும் துடிக்கத் துடிக்க மீன் வாங்கலாம். கல்முனைச் சந்தைக்குப் போய்ப் பகல் சோற்றுக்குள் திரும்பலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். நிலம்தான் இல்லை. மகளுக்குப் பெற்றோர் வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான் என்பது வழக்கமாகையால், தலைமுறைக்குத் தலைமுறை வளவுகள் பிளந்து, ஒரு வீட்டின் கூரைத்தண்ணீர் அடுத்த வீட்டுச் சுவரில் விழுந்தது.

கணவன் சீனிமுகம்மது கடலில் உழைத்துக் கட்டிய கல்வீட்டை 2002இல் மூத்த மகள் றம்லாவுக்குக் கொடுத்தார்கள். தையற்கடை வைத்திருந்த அஸ்ஹர் மாப்பிள்ளையாக வந்தான். றுகையாவும் கணவனும் இளையவள் றிபாவோடு வளவின் பின்புறத்து ஓலைக்கொட்டிலுக்கு ஒதுங்கினார்கள்.

2004 டிசம்பர் 26 காலை கடல் சீனிமுகம்மதையும் றம்லாவையும் கொண்டுபோனது. சந்தைக்குப் போயிருந்த றுகையாவும் றிபாவும், கடையில் இருந்த அஸ்ஹரும் தப்பினார்கள். கல்வீட்டில் மிஞ்சியது அத்திவாரம் மட்டும்.

அகதிகள் தங்கியிருந்த பாடசாலைக்கு ஓர் அதிகாரி விபரம் எடுக்க வந்தார்.

“வீடு ஆருட?”

“மகள்ட. குடுத்திட்டம்.”

“மகள் எங்க?”

“மௌத்து.”

“மருமகன் இருக்காரா?”

“ஓம், இருக்கார்.”

அயல்வீட்டு ஸகியா முழங்கையால் இடித்தாள். “என்ட வீடென்டு செல்லுங்களேன். ஆரு வந்து கேக்கப் போறா?”

“குடுத்த வீட்ட என்ட வாயால திருப்பி எடுக்கவா? என்ட புள்ளட மையித்து இன்னும் கிடைக்கல்ல, ஸகியா.”

2009 தொடக்கத்தில், கடல் கொண்டுபோன கல்வீட்டுக்குப் பதிலாக அஸ்ஹருக்கு மாடிக் குடியிருப்பில் ஒரு வீடு கிடைத்தது. அதற்குள் அவன் மருதமுனை உம்முவை மறுமணம் செய்திருந்தான். முறைப்படி அவன் அவளுடைய வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்; அவளுடைய தாயும் வீடும் அதே அலையில் போய்விட்டதால் அவள் இவனிடம் வந்தாள். றுகையாவின் பழைய வளவு, கரையிலிருந்து அறுபத்தைந்து மீற்றருக்குள் கட்டக் கூடாது என்ற விதிக்குள் அகப்பட்டிருந்தது. தாயும் மகளும் உறவினர் ஒருவரின் காணி மூலையில் தகரக்கொட்டிலில் இருந்தார்கள்.

மே மாதம் யுத்தம் முடிந்தது. அந்த மாதமே றிபாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பார்த்துவிட்டு எழுந்த மாப்பிள்ளையின் தாய், “புள்ள நல்ல புள்ள. வீடு எங்க?” என்றாள்.

மறுநாள் றுகையா மூன்று மாடி ஏறினாள்.

“வாங்க மாமி. என்ன, இப்படி இளைக்குது?” என்றான் அஸ்ஹர்.

“ஆகாசத்தில குடியிருந்தா, வாற சனத்துக்கு இளைக்காம என்ன செய்யும்?” சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவள், பிறகு சிரிக்கவில்லை. “மகன், றிபாவ முடிச்சிக் குடுக்க வேணும். றம்லாக்கு நாங்க குடுத்த வீட்டுக்குத்தான் இது கிடைச்ச.”

அஸ்ஹர் உம்மு நின்ற அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். “எழுதித் தாறன் மாமி. உங்கட வீடுதான். இவள எங்க கொண்டு போற என்டு மட்டும் நீங்க செல்லுங்க.”

நிறைமாத வயிற்றோடு உம்மு தேநீர் கொண்டுவந்தாள். “என்ட உம்மா இருந்திருந்தா எனக்கும் ஒரு வீடு தந்திருப்பா, மாமி,” என்றாள். அதில் குத்தலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஏசுவதற்கென்று றுகையா வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றும் அங்கே யாருக்கும் பொருந்தவில்லை.

“தேத்தண்ணிக்குச் சீனி கூடிட்டு, புள்ள,” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

சம்பந்தம் தட்டிப்போனது. றிபா அழவில்லை. “நான் குவைத்துக்குப் போறன், உம்மா. வேலை செஞ்சி வீட்டுக் காசோட வாறன்.”

“உம்மா குடுக்காத வீட்டுக்கு மாப்பிள்ளை எடுப்பியாடி?”

“வீடு இருந்தாப் போதும். ஆரு குடுத்த என்டா கேக்கப் போறான்?”

சோதனைச் சாவடிகள் குறைந்து கொழும்புப் பாதை இலேசாகியிருந்தது. அந்தப் பாதையால் றுகையாவிடம் வந்தது எதுவுமில்லை, போனது றிபா. றுகையாவின் குடும்பத்தில் எந்தப் பெண்பிள்ளையும் தாயின் வளவை விட்டு வெளியேறியதில்லை. ஆகவே மகளை எப்படி அனுப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கல்முனையில் பஸ்ஸுக்குள் தானும் ஏறி, றிபாவின் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“உம்மா, இறங்குங்க,” என்றான் நடத்துநர். “அது வேற ஆக்கள்ட சீட்டு.”