மூன்றாவது ஸ்லைடில் மாமா

போட்டோ எடுக்க வேண்டும் என்று போனில் சொன்னதற்கே மாமா தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு பண்ணை வாசலில் நின்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இவர் என்ன கல்யாண வீட்டுக்கா கிளம்புகிறார்?

"மாமா, இந்தச் சட்டை வேண்டாங்க. தீவனம் அள்ளறப்பப் போடுவீங்களே, அந்தக் கிழிஞ்ச பனியனைப் போட்டுக்குங்க. அப்புறம், சிரிக்காதீங்க."

"அதெப்படிச் சாமி? உன்னைப் பார்த்தா சிரிப்பு வருதே" என்றவர், நான் முறைத்ததும் காலிக் கூண்டுகளுக்கு முன்னால் குத்தவைத்து, மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

கோழி ஷெட்டுக்குள் சூடு ஏறினால் பண்ணைக்காரரின் போனில் மணி அடிக்கும் கருவி ஒன்றை நானும் என் கல்லூரித் தோழியும் செய்திருந்தோம். தொழிலுக்கு முதல் போடுகிறவர்களுக்குக் காட்ட ஸ்லைடுகள் தயாராகிக்கொண்டிருந்தன. "கருவியெல்லாம் சரி, கண்ணீர் எங்கேம்மா?" என்று கேட்டார் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். கண்ணீருக்கு நான் எங்கே போவேன்? அம்மாவின் அண்ணனிடம் போனேன். போன கோடையில் அவருடைய ஒரு ஷெட்டில் ஃபேன் நின்று கொஞ்சம் கோழி செத்தது நிஜம். மற்ற ஷெட்டுகள் ஜோராகத்தான் ஓடின. ஆனாலும் மூன்றாவது ஸ்லைடில் அவர் படத்துக்குக் கீழே, கை கூசாமல், 'எல்லாவற்றையும் இழந்தவர்' என்று ஆங்கிலத்தில் போட்டேன்.

"என்ன சாமி எழுதியிருக்கறே?" என்றார் மாமா.

"கோழி வளர்க்கறவர்னு போட்டிருக்கேனுங்க."

கோயமுத்தூரில் அந்த ஸ்லைடு வந்தபோது அரங்கமே கப்சிப். ஒருவர் பணம் போடுகிறேன், அடுத்த வாரம் கையெழுத்து என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நிகழ்ச்சியின் வீடியோ சுற்றிச் சுற்றி நாமக்கல் பண்ணைக்காரர்களின் வாட்ஸப் குரூப்புக்கே வந்து சேர்ந்தது.

மாமாவின் மகளுக்கு என் வயதுதான். ராசிபுரம் பக்கத்தில் பண்ணை வைத்திருக்கும் ஒரு வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி, நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்தப் பையனோடு போனில் பேசுவதற்கென்றே தினமும் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போவாள். அவ்வளவு பிடித்திருந்தது அவளுக்கு. அந்த வீட்டிலிருந்துதான் போன் வந்தது. நொடித்துப்போனதை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார்கள்.

மாமா என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். காரில் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"பண்ணை நல்லாத்தானுங்க ஓடுது. அது கொஞ்சம்... கூட்டிச் சொன்னதுங்க" என்றேன்.

பையனின் அம்மா என்னை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்தார். "ஏனுங்க, பொய்யின்னு தெரிஞ்சேதான் உக்காந்து படம் புடிச்சுக்கிட்டீங்களா? இல்ல, இந்தப் புள்ளை உங்களையும் ஏமாத்திப்போட்டுதுங்களா?"

நான்தான் ஏமாற்றினேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அது அந்தக் குரூப்புக்குப் போகும், அங்கிருந்து கோயமுத்தூருக்குப் போகும், கையெழுத்து நின்றுபோகும் என்று என் பாழாய்ப்போன மூளை ஓடியது. அதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"தெரிஞ்சுதானுங்க உக்காந்தேன். புள்ளை மேல தப்பில்லீங்க."

பையனின் அப்பா மரியாதையாகத்தான் சொன்னார், இது சரிப்பட்டு வராதுங்க என்று. கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து வந்தோம்.

எங்கள் கார் சத்தம் கேட்டதும் மாமா மகள் வாசல் கேட்டுக்கே ஓடி வந்தாள். "என்னங்கப்பா ஆச்சு?"

"அவங்களுக்கு ஒத்து வரலையாமா சாமி. விடு" என்று மாமா உள்ளே போய்விட்டார்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். "நீதான் கூடப் போனியே. நடந்ததை எடுத்துச் சொன்னியா?"

"சொன்னேன்" என்றேன்.