தாழம்பூவின் சாபம்

வேங்கிக்கால் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் பின்னலில் தாழம்பூ மணந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிறு வயதில் எங்கள் அடி அண்ணாமலை வீட்டுக்குள் அந்தப் பூ வந்ததே இல்லை. "லிங்கம்னா அடிமுடி இல்லாத நெருப்பு. முடியைப் பாத்தேன்னு பிரம்மா பொய் சொன்னாரு, தாழம்பூ அதுக்கு சாட்சி சொல்லிச்சு. பூஜைக்கே ஆகாது" என்பார் அப்பா, விபூதி பூசிக்கொண்டே.

அத்தை தன் பங்கு நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டதாக ஊரார் முன் பொய் சொன்னவரும் அவர்தான். சாட்சிக்கு அம்மாவை நிறுத்தினார். அத்தை பிறகு தன் அண்ணனான அப்பாவை மன்னித்தாள், அம்மாவை மன்னிக்கவில்லை.

"அந்தப் பொய்யால பிரம்மாவுக்கும் கோயில் இல்லாம போச்சு. நம்ம வீட்ல பூவுக்கு மட்டும்தான் சாபம்" என்று அடுப்படியில் ஒருநாள் அம்மா சொன்னாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் அப்பா துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். அத்தை பேத்தியின் கல்யாணத்துக்குப் போகிறோம். அம்மாவை அவர்கள் அழைக்கவில்லை.