மைதீன் பிச்சையின் மூக்கு

தோளில் கிடந்த துண்டைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு, கொதிக்கிற கஞ்சித் தேக்சாவின் விளிம்புக்கு ஒரு முழம் மேலே முகத்தை நிறுத்தி, கண்களை மூடி, மூன்று முறை மூச்சை இழுத்தார் மைதீன் பிச்சை. மூன்றாவது மூச்சை உடனே விடவில்லை. கொட்டகை வாசலில் தூக்குவாளிகளோடு நின்ற கூட்டமும் பேச்சை நிறுத்திக்கொண்டது. பிறகு கண் திறந்து, "ஒண்ணரைக் கை" என்றார். ஒன்றரைக் கை கல்லுப்பு கஞ்சியில் விழுந்தது.

இராஜபாளையத்துப் பள்ளிவாசல் ஒன்றில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பொறுப்பு இருபத்திரண்டு ஆண்டுகளாக அவரிடம் இருந்தது. மற்ற பதினொரு மாதமும் நூற்பாலை ஒன்றின் கேன்டீனில் சோறு வடிப்பார்; ரமலான் பிறை தெரிந்ததும் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கரண்டியோடு வந்துவிடுவார். காய்ச்சுகிறவரும் நோன்பாளி, ஆகவே வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. அரிசி குழைந்ததைக் கரண்டி சொல்லும். பருப்பு வெந்ததைக் கண் சொல்லும். உப்பைச் சொல்ல நாக்கு ஒன்றுதான் உண்டு என்று உலகத்தார் எண்ணியிருக்க, மைதீன் பிச்சைக்கு அதை மூக்கு சொன்னது.

கஞ்சி வாங்க வந்த ரசாயன ஆசிரியர் ஒருவர், "உப்புக்கு வாசனையே கிடையாதே, பாய்" என்றார்.

"ஒங்களுக்கு இல்ல, சார்."

அன்று ஆசிரியர் குடித்த கஞ்சியில் உப்பு சரியாக இருந்தது. வாதம் அத்துடன் முடிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிவாசலில் இருந்து இருவர் பஸ் ஏறி வந்து, பத்து நாளாவது தங்கள் ஊருக்கு வந்து காய்ச்சித் தரவேண்டும் என்று அழைத்தார்கள். "ரெண்டு ஊரு இருக்கு. மூக்கு ஒண்ணுதான இருக்கு?" என்று வருத்தத்தோடு அனுப்பிவைத்தார். யாரேனும் புகழ்ந்தால், "நான் என்னத்தக் கண்டேன்? எல்லாம் அவன் குடுத்தது" என்பார். அப்போது சுட்டுவிரல் வானத்தைக் காட்டும். கண் கேட்பவர் முகத்தைக் காணும்.

எண்பத்தேழாம் ஆண்டு நோன்பு அக்கினி நட்சத்திரத்தோடு சேர்ந்து வந்தது. அதற்கு முன்னே அவருக்குப் பதினொரு நாள் காய்ச்சல். காய்ச்சல் போகிறபோது மூக்கையும் உடன் அழைத்துக்கொண்டு போய்விட்டது. அடுப்படியில் அவர் உட்கார்ந்திருக்கையிலேயே பால் பொங்கி வழிந்து, வற்றி, அடிப்பிடித்துக் கரியானபோதுதான் அவருக்கே அது தெரிந்தது. அவர் மனைவி சௌதா கொல்லையிலிருந்து ஓடிவந்தாள்.

"ஏங்க, தெருவே நாறுது! பக்கத்துல இருந்துக்கிட்டு என்ன பண்ணுதிய?"

"திக்ரு ஓதிக்கிட்டு இருந்தேன்" என்றார். இறைவன் பெயரை வைத்துச் சொன்ன பொய். பிறை தெரிய அப்போது மூன்று நாள் இருந்தது.

நோன்பு பிறந்தபின் ஒன்பது நாள் கைப்பழக்கத்தால் தப்பித்தார். அளவைக் கை அறியும். ஆனாலும் முண்டாசு, மூடிய கண், மூன்று மூச்சு ஆகியவற்றில் ஒன்றையும் குறைக்கவில்லை. உழைத்தது கை, பேர் மூக்குக்குப் போயிற்று.

பத்தாம் நாள் அவர் நண்பகல் லுஹர் தொழப் போயிருந்த வேளையில், கையுதவிக்கு நின்ற காதர் என்னும் நாற்பது வயதுக்காரர், கஞ்சி முந்திக் கொதித்துவிட்டதென்று தாமே உப்பைப் போட்டுவிட்டார். மைதீன் பிச்சை திரும்பி வந்தார், முகர்ந்தார், "ரெண்டு கை" என்றார். காதர் வாயைத் திறந்தார். இந்த மூக்கு பிசகி அவர் கண்டதில்லை. போட்டது போதவில்லை போலும் என்று தம்மையே ஐயுற்று வாயை மூடிக்கொண்டு, இரண்டு கை உப்பையும் போட்டார்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் ஊராருக்குக் கஞ்சி வழங்கினார்கள். கால்மணி நேரத்தில் மாடத்தி திரும்பி வந்தாள். பின் தெருக்காரி; பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. வயிற்றுப்புண்காரக் கணவனுக்கு இந்த ஒரு மாதமும் கஞ்சி வாங்கிப் போவாள்.

"என்ன பாய், தூத்துக்குடி உப்பளத்தையே கவுத்துட்டியளா? எங்க வீட்டு மனுசன் ஒரு வாய் குடிச்சிட்டுச் செம்பு செம்பாத் தண்ணியக் குடிக்காரு."

நோன்பு திறக்க ஒன்றரை மணி நேரம் இருந்தது. தேக்சாவில் முக்கால் பங்கு கஞ்சி இருந்தது. குருணையும் தண்ணீரும் சேர்த்து இன்னொரு கொதி விட்டால் தீர்ந்துவிடும். ஆனால் அடுப்பை மறுபடி மூட்டினால் ஏன் என்று ஊர் கேட்கும். காதர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம் புருசனுக்குப் பித்தம் ஏறியிருக்கும், மாடத்தி. நாக்கு அப்படித்தான் காட்டும்."

"நானுந்தான குடிச்சேன். எனக்குமா பித்தம்?"

"ஒரே வீடுதான?"

நின்றவர்கள் சிரித்தார்கள். மாடத்தி சிரிக்கவில்லை. கஞ்சியை மண்ணில் கொட்ட மனம் வராமல் வாளியோடு நடந்தாள்.

நோன்பு திறக்கிற மஃரிபு பாங்கு ஒலித்தது. அந்த வெயிலில் பகல் முழுவதும் எச்சிலும் வறண்டு கிடந்த இருநூறு பேர் முதல் மிடறு குடித்து, ஒருவரை ஒருவர் பார்த்து, மிச்சத்தையும் குடித்தார்கள். "காஞ்ச நாக்கு, அப்படித்தான் தெரியும்" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கம் சொன்னார். பழுது தத்தம் நாக்கிலேயே என்று இருநூறு பேரும் ஒருமனப்பட்டார்கள். மைதீன் பிச்சையும் குடித்தார். காய்ச்சல் அவர் நாக்கை எடுத்துப்போகவில்லை.

இரவு தராவீஹ் தொழுகையில் நான்கு ரக்அத்துக்கு ஒருமுறை அமர்கிற இடைவேளை தோறும் வரிசைகள் எழுந்து தண்ணீர்க் குழாய்க்குப் போயின. போனவர்களில் முதியவர் ஒருவர் வரிசைக்குத் திரும்பாமல் குழாயடிச் சுவரில் சாய்ந்துவிட்டார். ஸஜ்தாவில் நெற்றி பாயில் பட்டபோது மைதீன் பிச்சைக்கு ஓதியது ஒன்றும் கேட்கவில்லை. குழாய் ஒழுகுகிற ஓசை மட்டும் கேட்டது.

தொழுகை முடிந்ததும், அதை முன்னின்று நடத்திய அசரத்தின் முன் போய் அமர்ந்தார்.

"கஞ்சில உப்புக் கூடிப்போச்சு, அசரத்து."

"குடிச்சேன்."

"மூக்கு போயி ரெண்டு வாரமாச்சு. மறைச்சுட்டேன். அந்தப் புள்ள மாடத்தி வந்து சொல்லிச்சு. அதையும் கேலி பண்ணி அனுப்பிட்டேன்."

அசரத்து தாடியைத் தடவிக்கொண்டார். "சமைக்கிறவரு நாக்கு நுனியில வச்சுப் பாத்துத் துப்பிரலாம்னு கிதாபுல இருக்கே. ஏன் வேய் செய்யல?"

"நோன்புப் பேணுதலுக்காவத்தான்..."

"பசியும் தாகமும் பொறுத்தது அல்லாவுக்கு. சரி. கண்ண மூடிக்கிட்டு மூணு மூச்சு இழுத்தது ஆருக்கு?"

பதிலுக்கு அசரத்து காத்திருக்கவில்லை. நாளைய கஞ்சியில் கறி உண்டா என்று விசாரித்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் கொட்டகை வாசலில் கூட்டம் வழக்கம்போல் அமைதியாயிற்று. மைதீன் பிச்சை தேக்சாவின் மேல் குனியவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எனக்கு மூக்கு போச்சு. ஒரு மணமும் தெரியாது. நேத்து உப்புக் கூடுனது என் தப்பு. ஒங்க நாக்குல குத்தமில்ல."

கூட்டம் இதை நம்பவில்லை. "பாத்தியளா, எம்புட்டுப் பணிவு!" என்றது ஒரு குரல். "இந்த மனுசனுக்கு அல்லா குடுத்த குணம்!" என்றது இன்னொரு குரல். இருபத்திரண்டு ஆண்டில் கிடையாத புகழ் அந்த ஒரு நிமிடத்தில் வந்து குவிந்தது. மைதீன் பிச்சையின் முகம் கறுத்தது. வரிசையின் கடைசியில் வாளியோடு நின்ற மாடத்தியைக் கைதட்டி அழைத்தார். ஒரு கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றி ஆற்றினார்.

"குடிச்சுப் பாத்து உப்புச் சொல்லு."

"நானா? எதையாவது சொன்னா பித்தம்பீய."

"பித்தம் எனக்குத்தான், தாயி. நீ நேத்து உள்ளதச் சொன்ன. இன்னைக்கும் சொல்லு."

மாடத்தி கூட்டத்தைப் பார்த்தாள். புகழ்ந்த குரல்கள் இப்போது அடங்கியிருந்தன. கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"உப்பே இல்லியே, பாய். ஒரு கை போடுங்க. பொறவு பாப்போம்."

காதர் உப்புச் சட்டியை எடுத்து நீட்டினார். மைதீன் பிச்சை அதை வாங்கினார். வாங்கியவர் தம் கையை அதனுள் விடவில்லை. தேக்சாவின் பக்கத்திலிருந்து ஓர் அடி விலகி நின்று, சட்டியை இரு கைகளாலும் ஏந்தி, அதன் வாயை மாடத்தியின் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.