எல்லாருக்கும் நின்ற பேருந்து

2011ஆம் ஆண்டின் பங்குனி வெயிலில், தவளக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்க வந்தபோதுதான் திரு. இளஞ்செழியனை முதன்முதலாகப் பார்த்தேன். தெருக்குழாயைத் தங்கள் வாசலுக்கு மாற்றித் தரவேண்டும் என்றார்கள் எதிர்வீட்டார். அதை அசைக்கவே கூடாது என்றார்கள் பக்கத்து வீட்டார். இரு வீட்டாருக்கும் அவர் சொன்ன விடை ஒன்றுதான்: "செஞ்சிடுவோம்!"

வென்றார். அடுத்த தேர்தலில் தோற்றார். அவரை வீட்டில் சும்மா உட்காரவைக்கக் கட்சிக்கு மனம் வரவில்லை. நகர இணைப்புப் பேருந்து வாரியத்துக்குத் தலைவராக்கியது. அவரும் முதல் வேலையாகத் தவளக்குப்பத்திலிருந்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குக் காலைப் பேருந்து ஒன்றை விட்டார். அங்கே மாத்திரைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு லூர்துசெல்வி, இனிப் பேருந்து மாற வேண்டாம் என்று மகிழ்ந்தாள்.

பொன்னாடை போர்த்தினால் நிறுத்தம் கிடைக்கும் என்று ஊருக்குத் தெரியும்வரை அம்மகிழ்ச்சி நீடித்தது. அரிசி ஆலைக்கு ஒரு நிறுத்தம். கல்யாண மண்டபத்துக்கு ஒன்று. மூடிக் கிடந்த திரையரங்குக்கும் ஒன்று. தனிஸ்லாஸின் தையற்கடைக்குக் கிடைத்ததும், அடுத்த தையற்கடைக்காரரும் பொன்னாடை வாங்கினார். பேருந்து ஓடுவதைவிட நிற்பதே மிகுதியாயிற்று. பயணிகள் ஷேர் ஆட்டோவுக்கு மாறினர். லூர்துசெல்விக்கு அது கட்டுப்படியாகவில்லை. இன்னொரு நாள் தாமதித்தால் வேலை இல்லை என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள்.

பேருந்தில் ஏன் கூட்டமில்லை என்று பார்க்கத் தலைவரே ஒருநாள் ஏறினார். கண் மருத்துவரிடம் போவதற்காக நானும் அதில் இருந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் இறங்கினார், கைகூப்பினார், நலம் விசாரித்தார். ஏறியவர் எவருமில்லை. அரிசி ஆலை வந்ததும் லூர்துசெல்வி எழுந்துவிட்டாள்.

"அண்ணே, எறங்காதீங்க! இன்னிக்கும் லேட்டானா வேல போயிடும்."

"ரெண்டு நிமிஷம்மா. ஆசையா கூப்புடுறாங்க."

"ஆசயெல்லாம் உங்க மேலதான். பஸ்ல ஒருத்தரும் ஏறலியே!"

அவர் காலி இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தார். படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் தனிஸ்லாஸ் பொன்னாடையுடன் நின்றிருந்தார்.

"பக்கிரி, நிக்காம போவச் சொல்லு," என்றார் தலைவர்.

நடத்துநர் பக்கிரிக்குக் காதை நம்ப முடியவில்லை. "தலைவரே, சால்வ..."

"போவச் சொல்லுய்யா!"

தனிஸ்லாஸ் பொன்னாடையை ஏந்தியபடி சிறிது தூரம் பின்னால் ஓடிவந்தார். தலைவரோ ஜன்னல் வழியே கைகூப்பிக்கொண்டே போனார். பழக்கத்தை அவ்வளவு விரைவில் விட முடியுமா? லூர்துசெல்வி தொழிற்சாலையின் வாயிற்கதவு மூடுமுன் உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரமே புது நிறுத்தங்கள் அனைத்தும் நீக்கப்பட்டன. பொன்னாடைகளும் நின்றன. அடுத்த தேர்தலில் கட்சி அவரை மறந்தது. பேருந்தை மட்டும் எவரும் மறக்கவில்லை. பயணிகள் திரும்பி வந்தார்கள்.

சென்ற ஆண்டு, காரைக்காலில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடுவதற்கு முந்தின நாள், அவர் அதே பேருந்தில் ஏறினார். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி சற்று நேரம் தலைவராகவே நின்று பார்த்தார். பிறகு நானும் லூர்துசெல்வியும் உட்கார்ந்திருந்த இருக்கைப் பக்கம் குனிந்து, எங்கள் ஊராரிடம் கடைசியாக ஒன்று கேட்டார்:

"லூர்து, செத்த நவுந்துக்கம்மா. பாதி எடம் போதும்."