அப்பாவிடம் சேராத ரிப்போட்

தொண்ணூறுகளின் தொடக்கம். கண்டியில் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டு, அம்பிட்டியவில் ஒரு வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்த அப்பாவுக்குச் சாப்பாடு இறங்குதில்லை என்று கடிதம் வந்தது. அது என் கைக்கு வந்து சேரவே ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறி, வவுனியாவில் இரண்டு நாள் காத்துக்கிடந்து, ஒருவாறு வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர். ஷெல் விழுந்த காலத்திலும் ஒரு கடிதம்கூட உரியவரிடம் சேராமல் தன் தபால் கந்தோரில் கிடந்ததில்லை என்று பெருமை பேசுவார். ஆள் பாதியாகியிருந்தார், பெருமையும் பகிடியும் மட்டும் குறையவில்லை.

வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். வெட்டி எடுக்கலாம் என்று டொக்டர் சொன்னதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினார். அல்புமின் குறைவு, அதாவது உடம்பில் சத்து இல்லை. ஈ.எஸ்.ஆர். கூடுதல், அதாவது உள்ளே அழற்சி இருக்கிறது.

"தையல் போடுவது நான், டீச்சர். அதை ஒட்டவைப்பது அவருடைய இரத்தம்" என்று சிங்களத்தில் சொன்னார். மூன்று கிழமை முட்டை, மீன், பால் என்று கொடுத்து, திரும்ப இரத்தம் பார்த்து, முன்னேற்றம் இருந்தால்தான் வெட்டுவது என்று ஒரு திகதியும் தந்தார்.

நானும் தேடித் தேடி மீன் வாங்கிச் சமைத்தேன். இரண்டாவது கிழமை கந்தசஷ்டி வந்தது. அப்பா ஆறு நாளும் விரதம், மத்தியானம் ஒரு கோப்பை பாலும் ஒரு வாழைப்பழமும்தான். நான் கத்தினேன், அழுதும் பார்த்தேன்.

"முப்பது வருசமாப் பிடிக்கிற விரதத்தை, கத்தி வைக்கப்போற வருசம் பாத்து விடச் சொல்லுறியோ பிள்ளை?" என்று சிரித்தார். அவரோடு யார் கதைத்து வெல்வது!

ஆஸ்பத்திரியில் அந்தப் பரிசோதனைக்கு மருந்து முடிந்திருந்ததால், இரண்டாவது முறை இரத்தத்தைப் பட்டினத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் கொடுத்தோம். வெட்டுகிற நாளுக்கு முதல்நாள் அப்பாவை வார்ட்டில் சேர்த்துவிட்டு, பின்னேரம் நான்தான் போய் ரிப்போட்டை எடுத்தேன். படியிலேயே நின்று பிரித்தேன். அல்புமின் முன்னையதைவிட இறங்கியிருந்தது, ஈ.எஸ்.ஆர். ஏறியிருந்தது.

காட்டினால் திகதி போய்விடும். அந்த நாட்களில் சண்டையில் காயப்பட்டவர்களைக் கொண்டுவரும்போதெல்லாம் மற்றவர்களுடைய சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போகும். அப்பாவுக்கு அடுத்த கட்டிலில் இருந்தவருக்கு இரண்டு தரம் அப்படித் தள்ளிப்போயிருந்தது. கட்டி வளர்ந்துகொண்டே இருக்கிறது, இந்த இலக்கமா பெரிது, எடுத்தெறிந்தால் பிறகு சாப்பாடு கொடுத்துத் தேற்றலாம் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். ரிப்போட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

வார்ட்டில் டொக்டர் கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். நன்றாகச் சாப்பிடுகிறாரா என்றார். சாப்பிடுகிறார் என்றேன். இரவு பகலாகக் காயக்காரரோடு நின்று அவருடைய கண் இரண்டும் சிவந்திருந்தது. டீச்சர் சொன்னால் சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போனார்.

அப்பாவும் கேட்டார். "ரிப்போட் என்னவாம் பிள்ளை?"

"நல்லா இருக்காம் அப்பா."

"பாத்தியே! விரதம் பிடிச்சும் குறையேல்லை. நீதான் சும்மா துள்ளினனி." குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டார். அந்த முகம் இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். நான்கு நாள் நன்றாக இருந்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல். குடலை இணைத்த இடம் ஒட்டாமல் கசிந்துவிட்டது என்றார்கள். திரும்பவும் வெட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் விடிய அப்பா போய்விட்டார். ஊருக்குக் கொண்டுபோகப் பாதை ஏது? கண்டியிலேயே எரித்தோம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு அந்த ரிப்போட்டைக் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வைத்தேன். திகதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்து நின்றேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். "அல்புமின் ஏறியிருந்தாலும் இப்படி நடந்திருக்கலாம், டீச்சர்" என்றார். ரிப்போட்டை மடித்து என்னிடமே நீட்டி, "ஆனால் நான் இரண்டு கிழமை பொறுத்திருப்பேன்" என்றார்.

பொறுத்திருந்தால் அப்பா தப்பியிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. தெரிந்தது ஒன்றுதான். வள்ளத்துக்கும் சோதனைச்சாவடிக்கும் நாட்கணக்காகக் காத்திருந்த மனுசன், கேட்டிருந்தால் இன்னும் இரண்டு கிழமை காத்திருப்பார். கேட்காமல் நானே முடிவெடுத்தேன். ஊராருடைய கடிதம் ஒன்றையும் சேராமல் விடாத என் அப்பாவுக்கு, அவருடைய இரத்தமே எழுதி அனுப்பிய கடைசிச் சேதியை நான் கைப்பைக்குள் மறித்து வைத்துவிட்டேனே என்பதை நினைத்தால், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நெஞ்சு பதறுகிறது.