பைக்குள் இருந்த பட்டன்

அந்த டிவி மெக்கானிக், தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் எரிந்து விழுவார். வீட்டில் மட்டும் அப்படியொரு பொறுமை. மனைவிக்கு உடம்பு ஒவ்வொரு பக்கமாகச் செயலிழந்துகொண்டு வர, அவள் உயிரையே வைத்திருந்த பழைய வீடியோ கேமுக்குப் புதுப்புது கன்ட்ரோலராகச் செய்துகொடுத்தார். கை போனதும் தையல் மெஷின் மிதியில் பட்டன் வைத்தார். கால் போனதும் தாடையால் தட்ட ஒரு கட்டை. கடைசியில் பேச்சும் மூச்சும்தான் மிச்சம். ரப்பர் குழாயில் அவள் ஊதினால் திரையில் பொம்மை குதிக்கும்.

அந்த மூச்சும் குறைந்தபோது, அதே வயரில் இன்னொரு பட்டனைச் சேர்த்துத் தன் பேன்ட் பைக்குள் ஒளித்துக்கொண்டார். அவள் ஊதும்போதெல்லாம் இவர் அழுத்துவார். பொம்மை ஒரு பள்ளத்திலும் விழவில்லை.

"நீ என்ன லேசுப்பட்டவளா?" என்று கூசாமல் புளுகுவார்.

ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவள் சொன்னாள்: "பைக்குள்ள இருக்கற கைய வெளிய எடுங்க. இன்னிக்கு நானே விழுந்துக்கறேன்."

எடுத்தார். அவள் ஊதினாள். முதல் பள்ளத்திலேயே பொம்மை விழுந்தது. அவள் முகமெல்லாம் சிரிப்பு. அதுதான் அவள் கடைசியாக ஆடியது.

இப்போதும் கடையில் யாராவது பெருமூச்சு விட்டால், அவர் கை தன்னால் பைக்குள் போகிறது.