கண்ணாடியில் விழுந்த உம்மா

என் மாமா கட்டடங்களைப் படம் எடுக்கமாட்டார். கட்டடங்களின் கண்ணாடியில் தெரியும் வேறு கட்டடங்களைத்தான் எடுப்பார். உம்மாவின் ஒரே தம்பி அவர். கல்முனைக் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஊரார் முகங்களை எடுத்து அலுத்துப்போனவர், படத்தாள் வாங்கக் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் ஒரு முழு ஃபிலிம் சுருளைக் கண்ணாடிச் சுவர்களுக்குச் செலவழித்துவிட்டு வருவார். நேராக நிற்கும் கட்டடம் அந்தக் கண்ணாடிக்குள் நெளிந்து நிற்கும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வானத்தைக் கறுப்பாக்கி, குறுக்கே போகும் கம்பிகளை அழித்து, பெரிதாக்கிக் கடைச் சுவரில் மாட்டுவார். "கட்டடம் கோணலா நிக்குது, கெமரா பழுதா?" என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. மாமா காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

உம்மாவுக்குப் படம் என்றாலே ஆகாது. படம் மாட்டிய வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்பார். கலியாணத்துக்குக்கூடப் படம் எடுக்க விடவில்லை. மாமா ஸ்டூடியோ திறக்கும் முன்பு, வேறு வழியில்லாமல் அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்றுதான். தம்பி ஸ்டூடியோக்காரன், ராத்தாவுக்கு ஒரு படம் இல்லை என்று குடும்பத்தில் எல்லாரும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர்கள் சிரிக்க இன்னொரு கதையும் இருந்தது. உம்மாவின் இடது புருவத்துக்கு மேலே ஆழமான ஒரு தழும்பு. மூன்று வயதில் நான் எறிந்த, தேத்தண்ணி குடிக்கும் தகரப் பேணி செய்த வேலை. வீட்டுக்கு எந்தப் பெண் வந்தாலும் உம்மா முக்காட்டை ஒதுக்கிக் காட்டி, "இது எங்கட மகள் எனக்குத் தந்த சீதனம்" என்பார். எனக்கு ஒன்பது வயதாகியும் அந்தக் கதை ஓயவில்லை. வந்தவர்கள் என் கன்னத்தைக் கிள்ளிச் சிரிக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தழும்பு ஒருநாள் மறைந்துபோகட்டும் என்று துஆக் கேட்டிருக்கிறேன்.

அந்த வருடம் என் காதைக் காட்டுவதற்காக உம்மாவும் நானும் மாமாவோடு கொழும்புக்குப் போனோம். கோட்டைப் பகுதியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தைக் கண்டதும் மாமாவுக்குக் கை ஊறியது. எதிரே இருந்த பழைய கட்டடம் அதில் தண்ணீருக்குள் நிற்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. தன் உருவம் விழாதபடி ஓரமாக நின்று எடுத்தார். அவர் உருவம் விழவில்லைதான். ஆனால் கண்ணாடிக்குக் கிட்டப் போய், அதில் பார்த்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்த உம்மா முழு முகத்தோடு விழுந்துவிட்டார். படத்தைக் கழுவிய பிறகுதான் மாமா கவனித்தார். உம்மாவிடம் சொன்னால் கிழித்துவிடுவார் என்று ஒளித்து வைத்தார்.

பாடசாலை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் வீடு சாய்ந்தமருதில், கடற்கரையிலிருந்து மூன்றாவது வளவு. நான் கல்முனையில் மாமா வீட்டில் நின்றேன். வாப்பா சம்மாந்துறையில் நெல் மில்லில் வேலையில் இருந்தார். வீட்டில் உம்மா மட்டும்தான். வாப்பா ஓடிவந்து பார்த்தபோது கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. உம்மாவும் இல்லை, உம்மாவின் அடையாள அட்டை இருந்த அலுமாரியும் இல்லை.

நான்கு நாள் வாப்பா ஒவ்வொரு முகாமாக, ஒவ்வொரு பள்ளிவாசலாக அலைந்தார். பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவுக்கும் போனார். அங்கேயும் ஆட்கள் வெவ்வேறு முகாம்களில் சிதறிக் கிடந்தார்கள். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: படம் இருக்கா? ஐந்தாம் நாள் மாமா ஜெனரேட்டர் பிடித்து ஸ்டூடியோவைத் திறந்து, ஒளித்து வைத்த படத்தைத் திரையில் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். கட்டடத்துக்குள்ளிருந்து உம்மாவை வெட்டி எடுத்துப் பெரிதாக்கினார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கம்பிகள் உம்மாவின் முகத்துக்கு மேலே கோடு கோடாக ஓடின. ஒவ்வொரு கோடாக அழித்துக்கொண்டே வந்தார்.

கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் என்பதை மாமாவுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மற்ற நாளென்றால் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் துப்புரவு செய்திருப்பார். அன்று மறந்துவிட்டார். புருவத்துக்கு மேலே வந்ததும் கை நின்றது.

"இது கண்ணாடிக் கோடா, தழும்பா? தழும்பு மத்தப் பக்கம்தானே மகள்?"

உம்மா கண்ணாடிக்கு முன்னால் தலை வாரும்போது மடியில் கிடந்து பார்த்தவள் நான். அது எது என்று எனக்குத் தெரியும்.

"ஓம் மாமா. இது கோடுதான்."

அழித்தார். பிறகுதான் திருப்பினார். திரையில் ஒரு குறையும் இல்லாத உம்மா சிரித்துக்கொண்டிருந்தார். வாப்பா பார்த்துவிட்டு, "தழும்பு தெரியல்லியே மச்சான்" என்றார். எட்டத்தில் எடுத்த படம், விழவில்லை என்றார் மாமா. பெயரும் வயதும் போட்டு அச்சடித்தார்கள். அங்க அடையாளத்தை யாரும் எழுதவில்லை. அதுதான் முகமே இருக்கிறதே.

ஆஸ்பத்திரி மதில் முழுக்க முகங்கள் ஒட்டியிருந்தன. வாப்பா எங்கள் தாளையும் ஒட்டி, என்னை அதற்குக் கீழே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே விசாரிக்கப் போனார். தன் மகனைத் தேடிக் காரைதீவிலிருந்து வந்த ஒரு பெண் ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கையில் படம் எதுவும் இல்லை. உம்மாவின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"இது ஆரு புள்ள உங்கட?"

"எங்கட உம்மா."

"இந்த முகத்த நான் கண்ட மாதிரி இருக்கு புள்ள. கடல் வந்த மறுநாள் எங்கட ஆக்கள் வேலிக்குள்ள இருந்து ஒரு பொம்பிளைய எடுத்து வந்து கோயில் மண்டபத்துல கிடத்தினவங்க. உசிர் இருந்திச்சு. நான்தான் பக்கத்துல இருந்தன். தண்ணி தண்ணி எண்டு கேட்டா. வாகனம் வாறதுக்குள்ள முடிஞ்சிது. அண்டைக்கே மத்த ஆக்களோட சேத்து அடக்கிட்டாங்க. அவவுக்கு இஞ்ச, இந்த இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு. உங்கட உம்மாவுக்கு அப்பிடி இருக்கா?"

"இல்ல" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப அவ வேற ஆரோ. உங்கட உம்மா எங்கயாவது நல்லா இருப்பா, புள்ள யோசியாதங்க" என்று என் தலையைத் தடவிவிட்டு அடுத்த தாளுக்குப் போனார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேணி எறிந்த கதை மறுபடியும் வெளியே வருமே என்ற பயமும் இருந்தது. ஆனால் அது மட்டுமல்ல. இறந்துபோனது தழும்பு உள்ள பெண். மதிலில் இருப்பவருக்குத் தழும்பு இல்லை. எனவே என் உம்மா இறக்கவில்லை. ஒன்பது வயதுக் கணக்கு அவ்வளவுதான். வாப்பா திரும்பி வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. உம்மாவைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அதன் பிறகு ஐந்து வருடம் வாப்பா தேடினார். உடல் இல்லாவிட்டாலும் இறந்தவருக்காகக் காயிப் ஜனாஸாத் தொழலாம் என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு கலியாணம் பேசி வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். மாமா புதுக் கம்ப்யூட்டர் வாங்கும்போதெல்லாம் அந்தப் படத்தை மறுபடி திருத்தினார். கண்ணைத் தெளிவாக்கினார், நிறத்தைக் கூட்டினார், முக்காட்டின் ஓரத்தைச் சீராக்கினார். ஒவ்வொரு முறையும் படம் அழகாகிக்கொண்டே போனது. கடைசியில் அந்தத் தாளில் இருந்தது இந்த உலகத்தில் யாருமே கண்டிராத ஒரு பெண். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சொன்னால் வாப்பா உடைந்துவிடுவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்வேன். உண்மையில் உடைந்துவிடுவேன் என்று பயந்தது நான்தான்.

யுத்தம் முடிந்த வருடம், கடலில் போன சிலர் வடக்கில் கரைசேர்ந்து இருந்தார்களாம் என்று யாரோ ஒரு கதையைக் கிளப்பிவிட்டார்கள். வன்னியிலிருந்து வந்த சனத்தை வவுனியாவில் முள்ளுக்கம்பிக்குள் வைத்திருந்த நேரம். வாப்பா படத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். நான்கு நாள் கழித்து, வெயிலில் கறுத்து, ஒரு சொப்பிங் பையோடு வந்தார். உம்மாவின் படத்தைக் கம்பிக்குள் நீட்டியபோது, உள்ளே நின்றவர்கள் தங்கள் பிள்ளைகளின் படங்களையும் பெயர் எழுதிய துண்டுகளையும் அவர் கைக்குள் திணித்தார்களாம். எங்கேயாவது ஒட்டச் சொன்னார்களாம். பையைக் கவிழ்த்து மேசையில் பரப்பினார். "எல்லாத்தையும் மாமாட்டக் குடுத்து நல்லாத் தெளிவா அடிக்கணும் மகள்" என்றார்.

அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கோடுதான் என்று சொன்னதை, மதிலடியில் வந்த பெண்ணை, கோயில் மண்டபத்தை, இல்லை என்ற என் ஒரு வார்த்தையை. வாப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். அவர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, படத்தில் இடது புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு கோடு போட்டார். அந்த ஒரு கோட்டில் தாளில் இருந்தவர் எங்கள் உம்மாவானார்.

பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார். "அந்த மனிசி தண்ணி குடுத்தாவாமா?"

எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் கேட்கவில்லை. மறுநாள் இருவரும் காரைதீவுக்குப் போய், மகனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் என்று விசாரித்தோம். அப்படி எத்தனையோ வீடு இருக்கு, எந்த வீட்டுக்கு என்று ஊரார் திருப்பிக் கேட்டார்கள்.

ஐந்து வருடமும் வாப்பா உயிரோடு இருக்கும் உம்மாவைத்தான் தேடுகிறார் என்று நான் நம்பியிருந்தேன். கடைசி நேரத்தில் உம்மாவின் பக்கத்தில் இருந்த ஒருவர் கிடைத்தாலே அவருக்குப் போதுமாயிருந்திருக்கும். அந்த ஒருவர் தானாகத் தேடி என்னிடம் வந்தார். ஒரு வார்த்தை சொல்லி நான் அனுப்பிவிட்டேன்.